இரசாயனச் சமநிலையும் அமோனியாவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒன்றோடொன்று தாக்கும் பொருள்கள் எக்காலத்தும் ஒரு திசையிலேயே மாறும் என்பது இரசாயனவியலாரின் பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்தது ஆய்வுகூடமன்று. எகிப்து நாட்டின் உப்பேரிக்கரையாகும். 1798 ஆம் ஆண்டில் நெப்போலியனின் படையெடுப்போடு அங்குச் சென்ற பேர்தொலே என்னும் பிரெஞ்சு அறிஞர், கரையெங்கும் சோடியங் காபனேற்றுப் படிந்திருக்கக் கண்டார். சோடியங் காபனேற்றையும் கல்சியங் குளோரைட்டையும் கரைசலிற் கலந்தால் சுண்ணக்கல்லும் கறியுப்பும் விளையும் என்பது அவர் அறிந்ததே. ஆனால் ஏரியிலோ, உப்பின் மிகுதியினால் அதே மாற்றம் பின்னோக்கி நிகழ்ந்திருந்தது. பொருளின் அளவும் தாக்கத்தின் திசையை மாற்றவல்லது என்பதை அவர் உணர்ந்தார். 1864 இல் நோர்வே நாட்டவரான குல்பேர்க்கும் வாகேயும் இக்கருத்தைக் கணித வடிவில் அமைத்தனர்.

முன்னோக்கிய மாற்றமும் பின்னோக்கிய மாற்றமும் சம வேகத்தில் நிகழும் நிலையே சமநிலை எனப்படும். அது அசைவற்ற நிலையன்று. புறத்தேயிருந்து வெப்பநிலையோ அமுக்கமோ செறிவோ மாற்றப்படின், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையிற் சமநிலை பெயரும். 1884 இல் இத்தத்துவத்தை வெளியிட்டவர் பிரெஞ்சு அறிஞர் இலே சற்றலியர் ஆவார்.

இதனை அறியாமையால் விளைந்த நட்டத்துக்கு அவரே ஓர் உதாரணங் காட்டினார். இரும்பு உருக்கும் ஊதுலைகளிலிருந்து காபனோரொட்சைட்டு வீணாக வெளியேறுவதைக் கண்ட இங்கிலாந்தின் ஆலையதிபர்கள், தாதுவோடு அது தாக்குதற்கு நேரம் போதவில்லையெனக் கருதினர். ஆகவே பெரும்பொருள் செலவிட்டு உலைகளை மேன்மேலும் உயர்த்தினர். வெளியேறிய வாயுவின் விகிதமோ குறையவில்லை. அங்கே குறைவாயிருந்தது நேரமன்று. சமநிலை விதித்த எல்லையே அது.

நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா ஆகுந் தாக்கமும் மீளுந் தாக்கமே. நான்கு கனவளவு வாயு இரண்டு கனவளவாகச் சுருங்குகின்றது, வெப்பமும் வெளிப்படுகின்றது. ஆதலால் உயர்ந்த அமுக்கமும் தாழ்ந்த வெப்பநிலையும் அமோனியாவைப் பெருக்கும். ஆயினும், தாழ்ந்த வெப்பநிலையில் தாக்கம் மிக மெதுவாகவே நடைபெறும். தத்துவம் திசையைக் கூறுமேயன்றி வேகத்தைக் கூறாது.

சில்லி நாட்டு நைத்திரேற்றுப் படிவுகள் தீர்ந்துபோனால் கோதுமை விளைச்சல் குன்றும் என 1898 இல் சேர் வில்லியம் குறூக்சு எச்சரித்திருந்தார். 1901 இல் இலே சற்றலியரே இம்முயற்சியில் இறங்கினார். வாயுக் கலவையில் வளி கலந்திருந்தமையால் கருவி வெடித்தது. உதவியாளர் மயிரிழையில் உயிர்தப்பினார். அறிஞர் அம்முயற்சியைக் கைவிட்டார். தம் விஞ்ஞான வாழ்வின் பெரும் பிழை அதுவேயென முதுமையில் வருந்தினார்.

அவர் விட்ட இடத்திலே வெற்றி கண்டவர் ஜேர்மனியின் ஏபர். அவர் சமநிலையின் அளவுகளைப் பொறுமையோடு அளந்தார்; பிறர் குறைகூறியபோது மீண்டும் அளந்தார். 1909 யூலை 2 இல் காள்சுறூ நகரிலே, ஒசுமியத்தை ஊக்கியாகக் கொண்டு, ஏறத்தாழ 550 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் 175 வளிமண்டல அமுக்கத்திலும் அமோனியா ஒழுகுவதைக் காட்டினார். விளைந்த அமோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக்கி அகற்றவே, சமநிலை மேன்மேலும் விளைவின் பக்கம் பெயர்ந்தது. மித்தாசு மலிவான இரும்பு ஊக்கியைக் கண்டறிந்தார். பொசு உயரமுக்கத்தைத் தாங்குங் கலன்களை வகுத்தார். 1913 இல் ஒப்பா நகர ஆலை இயங்கத் தொடங்கியது.

அவ்வமோனியா வயலுக்கு உரமாயிற்று. முதலாம் உலகப் போரில் வெடிமருந்துமாயிற்று. இன்று உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உணவு செயற்கை நைதரசன் உரத்தைச் சார்ந்தது என மதிப்பிடப்படுகின்றது. அந்த உணவோடு போரின் கறையையும் வரலாறு சேர்த்தே வைத்திருக்கின்றது.

தத்துவத்தை வகுத்தவர் ஒரு வெடிப்போடு ஓய்ந்தார். அதனை அளந்து, வேகத்துக்கு ஊக்கியையும் தேடியவர் பயன் கண்டார். மனனஞ் செய்த விதி வழியை மாத்திரமே காட்டும். நடந்து சேர்வது நம் பணி. பரிசோதனை ஒருமுறை பிழைத்ததும் குறிப்பேட்டை மூடிவிடும் மாணவர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.