பின்பெஞ்சிலிருந்து வந்த கேள்விக்கு, காலம் கடந்து ஒரு பதில்



கொரியப் போரை நான் வகுப்பில் இரண்டு வரியில் முடிப்பேன். 1950இல் தொடங்கியது, 1953இல் போர்நிறுத்தம். ஒரு வருடம் பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், அங்கே பயங்கரக் குளிராமே, சிப்பாய்ங்க என்ன போட்டுக்கிட்டாங்க?" என்றான். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன்.

போன வாரம் டொரொண்டோவில் இருக்கும் பேரன் புதுக் குளிர்ச்சட்டையோடு படம் அனுப்பினான். (ஜாக்கெட் என்று எழுதினால் நம் வீட்டுப் பெண்கள் வேறொன்றை நினைப்பார்கள்.) வெளியே பச்சை, உள்ளே பளீர் ஆரஞ்சு. பார்த்ததும் அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பேரன் போட்டிருப்பது விமானிகளுக்காகப் பிறந்த எம்ஏ-1. அதற்கு முன்னால் அமெரிக்க விமானிகளுக்கு 1931 முதல் ஏ-2 என்ற தோல் சட்டை. பார்க்கக் கம்பீரம், ஆனால் நனைந்த தோல் உயரே போனதும் விறைத்துவிடும். ஜெட் விமானம் வந்தபின் உயரம் கூடியது, விமானி உட்காரும் இடமோ குறுகியது. அதனால் 1950களில் நைலானுக்கு மாறினார்கள். ஆரஞ்சு உள்துணி 1960 வாக்கில் வந்தது. விமானம் விழுந்து உயிர் பிழைத்தவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால், தேடி வருகிறவர்கள் கண்ணில் படுவார். பேரனுக்கு அது வெறும் ஸ்டைல்.

இனி கொரியா. 1950 கடைசியில் சோசின் நீர்த்தேக்கத்தருகே நடந்த சண்டையில் குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. மார்ஃபின் ஊசிமருந்து உறைந்துவிடாமல் இருக்க, மருத்துவ உதவியாளர்கள் அதை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தார்கள். ரப்பர் பூட்ஸுக்குள் நடக்கும்போது வியர்க்கும். நின்றால் அந்த வியர்வையே பனிக்கட்டி. குண்டடி படாமலே கால்விரல்களை இழந்தவர்கள் பலர். அதே குளிர்காலத்தில்தான் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் நம் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவும் கொரியாவில் இருந்தது. இதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அடுத்து அமெரிக்கத் தரைப்படைக்கு வந்தது எம்-51 பார்க்கா. தனியாகக் கழற்றும் உள்சட்டை, தலையை மூடும் தொப்பி, பின்பக்கம் மீன்வால் போல இரண்டாகப் பிளந்த நீளம். அந்த வாலைத் தொடையைச் சுற்றிக் கட்டினால் காற்று உள்ளே நுழையாது.

ஆனால் பார்க்கா ராணுவம் கண்டுபிடித்ததல்ல. அந்தச் சொல்லே வடதுருவப் பக்கத்து நேனெட்ஸ் மக்களுடையது; ரஷ்ய மொழி வழியாக வந்தது. வட அமெரிக்காவின் இனுயிட் பெண்கள் காரிபூ மான் தோலில் இரண்டு சட்டை தைப்பார்கள்: உள்சட்டையின் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளிச்சட்டையின் ரோமம் வெளியே பார்த்து. நடுவில் அடைபடும் காற்றுதான் கதகதப்பு. குழந்தையை முதுகில் வைத்துக்கொள்ள அம்மாவின் சட்டையிலேயே ஒரு பை. முகத்தைச் சுற்றி வுல்வரின் என்ற விலங்கின் ரோமம். மூச்சுக்காற்று அதில் உறைந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். ஒரு தையல் விட்டுப்போனாலும் வேட்டைக்குப் போனவர் திரும்பமாட்டார். என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்தில் தளபதிகளுக்குப் பக்கத்தில் இந்தத் தையற்காரிகளுக்கும் ஒரு பத்தி கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு ராணுவக் கழிவுச் சரக்காக எம்-51 மலிவாகக் கிடைத்தது. 1960களில் இங்கிலாந்தின் 'மாட்' இளைஞர்கள், ஸ்கூட்டரில் போகும்போது நல்ல கோட் அழுக்காகாமலிருக்க அதை மேலே போட்டுக்கொண்டார்கள்.

அன்று கேட்டவனே, எந்த வருட பேட்ச் என்று எனக்கு மறந்துவிட்டது. இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதுப்பா.