மறைப்பு

ஆரணி என்றதும் பட்டுச்சேலை ஆரணியை நினைத்துவிட வேண்டாம். இது பெரியபாளையம் பக்கத்து ஆரணி. பொன்னேரி வட்டத்தில், ஆரணியாற்றை ஒட்டிய பேரூர். இந்தப் பக்கத்துப் பெண்கள் எங்கே குளித்தார்கள் என்ற வரலாறு பாட்டிமார் பேச்சில்தான் கிடைக்கிறது. தண்ணீர் ஓடினால் விடியுமுன் ஆறு. வற்றினால் கொல்லையில் நாலு கழி நட்டு, கீற்று வேய்ந்த மறைப்பு. வாசலுக்குப் பழைய புடவை. அதுதான் நம் முதல் குளியல் திரை. ஆடியில் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வரும் பெண்கள் உடை மாற்றும்போது, கூட வந்தவர்கள் புடவையை விரித்துப் பிடித்து நிற்பதும் அதே திரைதான்.

புடவையைத் துவைப்பது தனி வேலையாக இல்லை, துணியோடு துணி. நைந்தால் கரித்துணி. பிளாஸ்டிக் திரை அப்படியில்லை. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் பி.வி.சி.யை வளையும்படி ஆக்கினார். இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் பெண்கள் ஐந்தாறு பேராகத் தங்கும் வாடகை அறைகளில், கதவில்லாத குளியலறைக்கு அதுவே கதவு. அது நைவதில்லை, கறை பிடிக்கும்.

கறைக்கும் வரலாறு உண்டு. 1960களின் கடைசியிலிருந்து இந்த ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீர் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகள் வழியாகச் சென்னைக்கும் ஆலைகளுக்கும் போனது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறியது. நல்ல தண்ணீர் போன இடத்தில் மிஞ்சியது உப்புத்தண்ணீர். கடினநீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படலமாகத் திரையில் ஒட்டும். அதன்மேல் ரோஸ் நிற வழவழப்பு வளரும், பெரும்பாலும் செராஷியா என்னும் பாக்டீரியா. கீழ்மடிப்பில் கரும்பூஞ்சை.

படலத்துக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி, அரைமணி ஊறவிட்டுப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் போதும். பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல், ஆனால் அது வேறு நாளில். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத நாலடி அறையில் மூச்சை அடைக்கும். டப்பாவில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது. ஷிப்டு முடிந்து வந்தவளுக்கு அதை வாசிக்க எங்கே நேரம்?

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. திரை கழுவுவது அந்த 299க்குள் எங்கோ கரைந்திருக்கிறது.

குளித்ததும் திரையை விரித்துக் காயவிட்டால் பாதி அழுக்கு சேராது என்பார்கள். மூன்று ஷிப்டுக்காரிகள் மாறிமாறிக் குளிக்கும் அறையில் திரை காய்வதே இல்லை.