ஆட்டிசம்: பேச்சு வந்தால் போதுமா?

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள, 1997-ல் தொடங்கிய ‘நிஷ்’ நிறுவனத்தின் பெயரில் இருப்பது பேச்சும் செவித்திறனும்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் அங்கே வருகிறார்கள். காரணம் இருக்கு: பெயர் சொல்லிக் கூப்பிட்டும் குழந்தை திரும்பாதபோது, பல பெற்றோருக்கு முதலில் வரும் சந்தேகம் ‘காது கேட்கலையோ?’

சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் கிண்டலும் ஜாடையும் பிடிபடாது. கேட்டதையே திருப்பிச் சொல்வதும் உண்டு. அது வெறும் கிளிப்பேச்சு இல்லை. ‘தண்ணி வேணுமா?’ என்று குழந்தை சொன்னால், ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்று அர்த்தமாக இருக்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீங்க. பலருக்கு அது வேதனை.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்றிருக்கும் குடும்பங்களுக்கு ‘ஒரே மொழி போதும்’ என்ற அறிவுரை இன்னும் கிடைக்கிறது. இரு மொழியால் இந்தக் குழந்தைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு பேச்சே போய்விடும். அந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குறை ஒரு பக்கம்தானா? இல்லை, புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார் டேமியன் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ளவர். 2020-ல் வெளியான எடின்பரோ ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் தகவலை மற்றவர்களுக்கு இணையாகவே கடத்தினார்கள். இரு தரப்பும் கலந்த குழுவில்தான் அதிகம் தொலைந்தது.

டெக்னோபார்க்கில் உங்கள் டீமிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ‘கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்பதை விட்டு, ‘வெள்ளி மாலை 4 மணிக்குள் அனுப்புங்க’ என்று எழுதுங்க.