கைமாறிய வரலாறும் ஏல விலையும்: ஹாலிவுட் நினைவுப்பொருள் சந்தையின் வளர்ச்சி

1970 மே மாதம் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் எம்.ஜி.எம். ஸ்டுடியோ தன் உடைக் கிடங்கைக் காலி செய்தது. முந்தைய ஆண்டில் நிறுவனத்தைக் கைப்பற்றிய கர்க் கெர்கோரியனின் நிர்வாகத்துக்கு அங்கிருந்த உடைகளும் அரங்கப் பொருட்களும் வெறும் இடத்தை அடைக்கும் சாமான்கள். டேவிட் வைஸ் என்ற ஏலக்காரர் சுமார் 15 லட்சம் டாலருக்கு அவற்றை மொத்தமாக வாங்கி, 18 நாட்கள் ஏலம் விட்டார். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த செந்நிறக் காலணி 15,000 டாலருக்குப் போனது. கார்லண்ட் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஆனால் காலணி ஸ்டுடியோவின் சொத்து என்பதால், அவருடைய வாரிசுகளுக்கு அந்த ஏலத்தில் இடமே இல்லை. அதே படத்தின் இன்னொரு ஜோடி 2024 டிசம்பரில் கமிஷன் நீங்கலாக 2.8 கோடி டாலருக்கு ஏலம் போனது. ரசிகர்களின் பாசம் பெருகியதே இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்று சொல்வது எளிது. சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன: பொருள் யார் உடலில் இருந்தது, எந்தெந்தக் கைகள் வழியாக வந்தது என்பதை மெய்ப்பிக்கும் வழக்கம் வளர்ந்தபோதுதான் விலையும் வளர்ந்தது.

1970இல் அந்த வழக்கம் இல்லை. ஏலத்துக்கு உடைகளைத் தரம் பிரித்த கென்ட் வார்னர் என்ற உடைக் கலைஞர் கிடங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட செந்நிறக் காலணி ஜோடிகளைக் கண்டெடுத்தார். ஏலத்துக்கு வந்தது ஒன்றுதான். மற்றவை சத்தமில்லாமல் வெளியேறின. வாங்கியவர் உலகிலேயே ஒரே ஜோடி தன்னிடம் இருப்பதாக நம்பியிருக்க வேண்டும். சான்றில்லாத சந்தையில் விலை வதந்தியை நம்பித்தான் நிற்கும்.

மர்லின் மன்றோவின் உடைமைகள் இதற்கு நேர்மாறானவை. 1962இல் மறைந்த அவர், தன் உடைகளையும் சொந்தப் பொருட்களையும் நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்குக்கு எழுதிவைத்தார். அவற்றை நண்பர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற விருப்பமும் உயிலில் இருந்தது. பெரும்பகுதி பகிரப்படவே இல்லை. 1982இல் ஸ்ட்ராஸ்பெர்க் மறைந்தபின் அவை அவர் மனைவியிடம் சேர்ந்து, 1999 அக்டோபரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தன. அமெரிக்க அதிபர் கெனடியின் பிறந்தநாள் விழாவில் பாடியபோது அவர் அணிந்த உடை மட்டும் 12,67,500 டாலர். மொத்தம் சுமார் 1.34 கோடி டாலர். அந்த உடை எந்தப் படத்திலும் வந்ததில்லை. நடிகை, உயில், ஆசிரியர், அவர் மனைவி என்று அறுபடாத சங்கிலி இருந்ததுதான் அதன் பலம். 2016இல் அதே உடை 48 லட்சம் டாலருக்கு ரிப்லீஸ் நிறுவனத்திடம் போனது.

இறந்தவரின் ஆசையை மீறிய வியாபாரம் இது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் அதைச் சுமக்க வேண்டியது ஏல நிறுவனம் அல்ல. பகிர்வதை ஸ்ட்ராஸ்பெர்க்கின் முடிவுக்கே விட்ட உயில் அவரைச் சட்டப்படி கட்டவில்லை. இருபது ஆண்டுகள் அவகாசம் இருந்தும் அவர் செய்யவில்லை. வலுவான மறுப்பு வேறு. செந்நிறக் காலணி கதாபாத்திரத்தின் பொருள்தானே, அதன் விலைக்கும் சான்றுக்கும் என்ன தொடர்பு? 2024இல் விற்ற ஜோடி 2005இல் மினசோட்டாவிலுள்ள அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு, 2018இல் எஃப்.பி.ஐ.யால் மீட்கப்பட்டது. அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஜோடியோடு ஒப்பிட்டபோது, ஒன்றின் இடக்காலணிக்கு மற்றதன் வலக்காலணியே இணை என்பது தெரிந்தது. எப்போதோ மாறிப்போன இரட்டையர்! எந்த விளம்பரமும் தராத சான்று இது. திருட்டின் பரபரப்பும் விலையை ஏற்றியிருக்கும், மறுக்கவில்லை; ஆனால் மெய்ப்பொருள்தான் என்ற உறுதி இல்லாமல் பரபரப்புக்கு யாரும் இரண்டு கோடி டாலரைத் தாண்டிக் கொடுப்பதில்லை.

ஏலம் தொகுப்புகளைச் சிதறடிக்கிறது, அருங்காட்சியகமே சரியான இடம் என்பது இன்னொரு வாதம். கொள்கையளவில் ஏற்கலாம். நடைமுறையில், 1970 ஏலத்தில் உடைகளை வாங்கிக் குவித்த நடிகை டெபி ரெனால்ட்ஸ் பல்லாண்டுகள் நிரந்தர அருங்காட்சியகத்துக்கு முயன்று தோற்றார். 2011இல் அவரே தன் தொகுப்பை ஏலத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். 'தி செவன் இயர் இட்ச்' படத்தில் மன்றோ அணிந்த வெள்ளை உடை கமிஷன் நீங்கலாக 46 லட்சம் டாலருக்குப் போனது. பொது நிறுவனங்கள் கைவிட்ட பொருட்களை நாற்பதாண்டுகள் காத்தது ஒரு தனிநபரின் பிடிவாதம்.

ஆனால் ஏலச் சான்று காப்பது விலையை, துணியை அல்ல. 2022இல் மெட் காலா விழாவில் கிம் கர்தாஷியன் மன்றோவின் பிறந்தநாள் விழா உடையை அணிந்து வந்தபோது, வரலாற்று உடைகளை எவரும் அணியக்கூடாது என்று பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றம் அறிக்கை விட்டது. சட்டம் எதையும் தடுக்கவில்லை. உடை அதை வாங்கியவருடையது. தனியார் உடைமையின் குறை இங்கேதான் இருக்கிறது. ஏலத்தைத் தடைசெய்வது இதற்குத் தீர்வாகாது. ஏலத்துக்கு முன்பே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையைப் பொதுக் காப்பகங்களுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கான நிதியும் அவற்றிடம் இருக்க வேண்டும். ஸ்மித்சோனியனுக்குச் செந்நிறக் காலணி 1979இல் பெயர் சொல்லாத ஒருவரின் நன்கொடையாக வந்தது. திரைக்கலைக்கே உரிய ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு ஜோடி கிடைக்க 2012 வரை ஆயிற்று, அதுவும் லியோனார்டோ டிகாப்ரியோ, ஸ்டீவன் ஸ்பில்பெர்க் உள்ளிட்டோர் கொடுத்த பணத்தில்.