லுட்விக்: ஒரு பிராங்கியப் பெயரின் வரலாறு

லுட்விக் என்பது ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஆண்பாற் பெயர். பிராங்கு மக்களின் அரச குடும்பத்தில் 5ஆம் நூற்றாண்டிலேயே ‘ஹ்லோடோவிக்’ என்ற வடிவில் வழங்கியது. பிரெஞ்சு லூயி, ஆங்கில லூயிஸ், இத்தாலிய லுயிஜி, லொடொவிக்கோ, ஸ்பானிய லூயிஸ், டச்சு லோடெவெய்க், ஹங்கேரிய லாயோஷ் ஆகியவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் அறிந்த அலோசியஸும் இதன் வழிவந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரு சொற்களின் இணைப்பு. இதில் முதற்பகுதியான ‘ஹ்லூத்’ புகழ்பெற்ற, எங்கும் கேட்கப்படுகிற என்ற பொருள் தரும். கேட்டலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்த சொல் இது. புகழைக் குறிக்கும் கிரேக்க ‘க்ளேயோஸ்’, நாம் இசையிலும் மறையிலும் கையாளும் வடமொழிச் ‘சுருதி’, உரத்த என்று பொருள்படும் ஆங்கில ‘லவுட்’ மூன்றும் இதற்கு உறவு. இரண்டாம் பகுதியான ‘விக்’ போர். ஆகவே ‘போரில் புகழ்பெற்றவன்’ என்று பொருள் உரைப்பது வழக்கம். ஆயினும் அக்காலப் பெற்றோர் ஒரு முழுப்பொருளை எண்ணித்தான் பெயரிட்டார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. குடும்பத்தில் வழங்கிய பெயர்த்துண்டுகளை எடுத்துக் கோத்துப் பிள்ளைக்குச் சூட்டுவது அவர்கள் மரபு. இன்னார் வழிவந்தவன் இவன் என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஹ்லோடோவிக் என்ற பெயர் தாங்கிய பிராங்கு அரசர் குளோவிஸ் தன் மக்கள் இருவருக்கு குளோடோமர், குளோத்தார் என்று பெயரிட்டபோது தன் பெயரின் முதற்பாதியைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்.

அந்தக் குளோவிஸ்தான் இப்பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திய முதல் மனிதர். 481 அளவில் பட்டத்துக்கு வந்து, 486இல் கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டின் எஞ்சிய ரோம ஆட்சியாளர் சியாக்ரியஸை வென்று, 507இல் விசிகோத்து அரசர் இரண்டாம் அலாரிக்கை வீழ்த்தினார். ரெய்ம்ஸ் நகரில் ஆயர் ரெமிகியஸின் கையால் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். 511இல் இறந்தார். தூர் நகர ஆயர் கிரெகரி தம் வரலாற்றில் இவர் பெயரை லத்தீனில் ‘க்ளோடோவெக்குஸ்’ என்று எழுதுகிறார். ஜெர்மானியச் சொல்லின் முதலில் வந்த ஹகரம் தொண்டையிலிருந்து உரசி வரும் ஒலி. ரோம வழியினர் செவிக்கு அது ககரத்தை ஒட்டியே கேட்டது. குளோவிஸ் என்ற இன்றைய வடிவத்தின் ககரம் அப்படி வந்தது.

பெயரின் ஆயுள் உண்மையில் தீர்மானமானது குளோவிஸ் இறந்து 267 ஆண்டுகளுக்குப் பின்னர். குளோவிஸின் மெரோவிங்கிய மரபை 751இல் பிப்பின் அரியணையிலிருந்து இறக்கினார். அவர் குடும்பத்தில் வழங்கிய பெயர்கள் பிப்பின், கார்ல், கார்லோமன் போன்றவை. லுட்விக் அவற்றில் இல்லை. 778இல் பிப்பினின் மகன் சார்லமேனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, அவர்களுக்கு ஹ்லுடோவிக், லோத்தார் என்று பெயர் சூட்டப்பட்டது. இரண்டும் விரட்டப்பட்ட மரபின் பெயர்கள். அரியணையை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பழைய உடையவர்களின் முன்னோரையும் தமதாக்கிக்கொண்டார்கள். லோத்தார் குழந்தையிலேயே இறந்தான். ஹ்லுடோவிக் 814இல் பேரரசராகி, பக்திமான் லூயி எனப் பெயர் பெற்றார். இந்த ஒரு பெயர்சூட்டல் நிகழாதிருந்தால், லுட்விக் என்பதும் சில்பெரிக் போல ஏடுகளில் மட்டும் கிடந்திருக்கும் என்பதே என் கருத்து. போரில் புகழ் என்ற பொருள் பெயரைக் காக்கவில்லை. உரிமை கோரிய ஒரு குடும்பம் காத்தது.

பக்திமான் லூயியின் நாணயங்களில் ஹகரம் முன்னிற்கப் பெயர் பொறிக்கப்பட்டது. பின்னர் ஹகரம் உதிர்ந்தது. 842இல் அவர் மக்கள் ஜெர்மானியன் லூயியும் வழுக்கை சார்லஸும் ஸ்ட்ராஸ்பூரில் படைகள் முன் உறுதிமொழி எடுத்தார்கள். அதன் வாசகத்தை வரலாற்றாசிரியர் நித்தார்ட் தம் நூலில் பதிந்துவைத்தார். பிரெஞ்சின் மிகப் பழைய வாசகமாகக் கருதப்படும் பகுதியில் பெயர் ‘லொதுவிக்ஸ்’ என்றும், ஜெர்மானியப் பகுதியில் ‘லுதுவிக்’ என்றும் நிற்கிறது. ஒரே மனிதரின் பெயர் ஒரே நாள் உறுதிமொழியில் இரு மொழிக்கும் இரு உருவெடுத்ததை நாம் காண முடிவது அரிய பேறு. அதன்பின் பாதைகள் பிரிந்தன. கிழக்கே லுட்விக் மெய்யெழுத்துகளை விடாமல் வைத்துக்கொண்டது. மேற்கே உயிர்களுக்கு நடுவில் நின்ற தகரம் கரைந்து, கடைசி ககரமும் போய், லூயி எஞ்சியது. எழுத்தில் தங்கிய ஸகரம் பிரெஞ்சில் ஒலிப்பதில்லை.

பிரெஞ்சு அரசர்களின் எண்ணிக்கை பக்திமான் லூயியை முதலாமவராகக் கொண்டு 18 வரை செல்கிறது. குளோவிஸ் வேறு பெயராகிவிட்டதால் கணக்கில் வரவில்லை. 17ஆம் லூயி ஆட்சியே செய்யாமல் 1795இல் சிறையில் இறந்த சிறுவன். இவர்களுள் 9ஆம் லூயி (1214–1270) 1297இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதன்பின் அரச குடும்பத்துக்கு வெளியேயும் பெற்றோர் இப்பெயரைச் சூட்டத் திருமுழுக்குக் காரணம் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் (1764) அவர் பெயர் தாங்கியது. லூசியானாவுக்கு 1682இல் 14ஆம் லூயியின் பெயரையே இட்டார் பிரெஞ்சுப் பயணி லா சால். லூயிவில் நகரமோ 16ஆம் லூயிக்கு நன்றியாகப் பெயர் பெற்றது.

எல்லைகளைக் கடக்கும்போது பெயரை அந்தந்த மொழிக்கு மாற்றி எழுதுவது முற்கால வழக்கம். இதற்கு பீத்தோவனைவிடத் தெளிவான சான்று இல்லை. இன்றைய பெல்ஜியத்தின் மெக்கெலனில் பிறந்து பான் நகருக்கு வந்த இசைக்கலைஞரான பாட்டனார் லோடெவெய்க். அவர் பெயரே பேரனுக்கு லுட்விக் ஆயிற்று. மூன்றாம் சிம்பொனியின் 1804ஆம் ஆண்டுப் படியின் முகப்பில் ஆசிரியர் பெயர் லூயி. 1806இல் அச்சேறியபோது லுயிஜி. மூன்றையும் அவர் தம் பெயராகவே கொண்டார்.

ஆங்கிலத்தில் நார்மானியர் வழியாக வந்த லூயிஸ், வேல்ஸ் நாட்டில் லெவெலின் என்ற உள்ளூர்ப் பெயருக்கு மாற்றாகவும் புழங்கியது. ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் 1856இல் புனைபெயர் தேடியபோது, லட்விட்ஜை லத்தீன் லுடோவிக்குஸாக்கி, அதிலிருந்து லூயிஸ் என்று எடுத்தார். சார்லஸைக் கரோலுஸ் வழியே கரோல் ஆக்கினார். லூயிஸ் கரோல் பிறந்தது இப்படித்தான். பெண்பால் வடிவங்கள் லூயீஸ், லூயிசா, லுடோவிக்கா. ஸ்வீடனில் லோவிசா. பின்லாந்தின் லோவீசா நகரம் 1752இல் ஸ்வீடிய அரசி லோவிசா உல்ரிகாவின் பெயரைப் பெற்றது.

அலோசியஸின் கதை தனி. ஆக்சித்தானிய ‘அலோயிஸ்’ வடிவத்தின் லத்தீன் உரு அது என்பர். வடஇத்தாலியின் கஸ்திலியோனேயில் 1568இல் பிறந்த லுயிஜி கொன்சாகா, படைவீரரான தந்தையின் மூத்த மகன். சிற்றரசு உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார். ரோமில் கொள்ளைநோய் கண்டவர்களைத் தூக்கிச் சுமந்து, நோய் தொற்றி, 1591இல் 23 வயதில் உயிர்விட்டார். 1726இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பின், இயேசு சபைப் பள்ளிகள் அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. மங்களூரின் அலோசியஸ் கல்லூரி 1880இல் தொடங்கியது. தமிழ்க் கத்தோலிக்கர் இவரை ஞானப்பிரகாசியார் என்று வழங்கினர். அலோசியஸ் என்று திருமுழுக்குப் பெற்றவர் வீட்டில் ஞானப்பிரகாசம் ஆனதும் உண்டு. போரைக் குறித்த பெயருக்கு இவ்வளவு கனிந்த மாற்று வேறெங்கும் அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழர் லூயி என்ற பெயரைக் கோட்டையாகவும் துறைமுகமாகவும் கண்டதுண்டு. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிமுடித்த லூயி கோட்டை, 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபின் இடித்துத் தள்ளப்பட்டது. மொரீசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸ் 15ஆம் லூயியின் பெயரால் அமைந்தது. ஆளுநர் லபூர்தொனே 1730களில் அதை எழுப்பியபோது புதுச்சேரியிலிருந்து அழைத்துச்செல்லப்பட்ட தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் அங்கே உழைத்தார்கள்.