நம்பர் பிளேட்டில் ‘கோதிக்’ எழுத்து போடலாமா? ‘ஓல்டு இங்கிலீஷ்’ ஃபான்ட் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

தருமபுரிக்காரங்களுக்கு ‘டிஎன் 29’ என்பது வெறும் பதிவு எண் இல்லை, ஊர் அடையாளம். அதை ஸ்டைலாகப் போட ஆசைப்படுபவர்களின் கண்ணில் படும் எழுத்துகளில் ஒன்று ‘பிளாக்லெட்டர்’. தடித்த கறுப்புக் கோடுகள், கத்தி முனை மாதிரி கூர்மையான ஓரங்கள். ‘கோதிக்’, ‘ஓல்டு இங்கிலீஷ்’ என்றும் இதைச் சொல்வார்கள். இதன் கதை என்ன? எங்கே போடலாம், எங்கே கூடாது?

எப்படி உருவானது?

12ஆம் நூற்றாண்டு வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் வளர்ந்த கையெழுத்து முறை இது. புத்தகங்களைக் கையாலேயே நகல் எடுத்த காலம் அது. அகலமான முனை வைத்த இறகுப் பேனாவைக் கீழ்நோக்கி இழுத்தால் தடித்த கோடு வரும், சாய்த்து இழுத்தால் மெல்லிய கோடு. வளைவுகள் உடைந்து கோணங்களாகின. நெருக்கி எழுதியதால் ஒரே பக்கத்தில் நிறைய வார்த்தைகள் அடங்கின. பக்கமே கறுப்பாகத் தெரியும்.

1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளும் இந்த எழுத்தில்தான் வந்தது.

‘கோதிக்’ என்பது இத்தாலிய அறிஞர்கள் மட்டம் தட்டி வைத்த பெயர். ‘காட்டுமிராண்டித்தனமானது’ என்ற அர்த்தத்தில் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் ‘செஞ்சுரி கோதிக்’ ஃபான்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவின் அச்சகத்துக்கு, தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. தரங்கம்பாடியில் நடந்தவை பற்றி அதே ஹாலேயில் ஜெர்மன் மொழியில் அச்சான அறிக்கைகள், பிளாக்லெட்டரின் ஜெர்மன் வகையான ‘ஃபிராக்டூர்’ எழுத்தில் வெளிவந்தன.

இது ஹிட்லர் எழுத்தா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனா, 1941 ஜனவரி 3 அன்று இதைக் கைவிடச் சொல்லி சுற்றறிக்கை விட்டதே நாஜி கட்சிதான். ‘யூதர்களின் எழுத்து’ என்று அதற்குச் சொன்ன காரணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

எங்கே பொருந்தும்?

பெயர் ‘பழமையானது, கம்பீரமானது’ என்று தெரியணும்னா இந்த எழுத்து கச்சிதம். ‘நியூயார்க் டைம்ஸ்’, ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகைகளின் பெயர் இந்த எழுத்தில்தான் இருக்கிறது. சான்றிதழ் தலைப்பு, ராக் இசைக்குழு லோகோ, டாட்டூ, டி-ஷர்ட், கடை போர்டில் ஆங்கிலப் பெயர் எல்லாவற்றுக்கும் எடுக்கும்.

டிசைன் செய்பவர்கள் கவனிக்க: முதல் எழுத்தை மட்டும் கேபிட்டலில் போடுங்க. முழுக்க கேபிட்டலில் போட்டால் படிக்கவே முடியாது. முகவரி, போன் நம்பருக்கு சாதாரண எழுத்தே போதும்.

நம்பர் பிளேட்டில் ஏன் கூடாது?

தொப்பூர் கணவாயில் ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவருக்கு எண்ணைப் படிக்கக் கிடைப்பது ஓரிரு விநாடி. அலங்கார எழுத்தில் இருந்தால் ஒரு எழுத்து மாறினாலும் போச்சு. அடிபட்டவரின் வழக்கும் இழப்பீடும் சிக்கலாகும். கண்காணிப்பு கேமராவுக்கும் இதே பிரச்சினைதான்.

அதனால்தான் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் எழுத்தின் அளவைக்கூட நிர்ணயித்திருக்கின்றன. பைக்கின் பின்பக்கம் எழுத்துகள் 35 மில்லிமீட்டர் உயரம், எண்கள் 40 மில்லிமீட்டர். கோட்டின் தடிமன் 7, இடைவெளி 5 மில்லிமீட்டர். கோட்டை ஓரிடத்தில் தடிப்பாகவும் இன்னோரிடத்தில் மெல்லிசாகவும் காட்டும் பிளாக்லெட்டர் இந்த அளவுக்குள் அடங்காது.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதில் எண்ணே அச்சு வைத்து அழுத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஸ்டைல் பிளேட் மாட்டுவதும் விதிமீறல்தான்.

நம்பர் பிளேட் விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஆவது பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவைகளில் 1,500 ரூபாய் வரை அபராதம்.

கோதிக் எழுத்து பிடிச்சிருந்தா கடை போர்டிலும் டி-ஷர்ட்டிலும் தாராளமா போடுங்க. நம்பர் பிளேட்டை மட்டும் விட்டுடுங்க.