மறுபடி எழுதலாமா? ரத்தான ஒரு தேர்வும் சில குறிப்புகளும்

அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். ஐ.டி. கம்பெனியில் அவனுக்கு இது மூன்றாவது வருஷம். வேலை பார்த்துக்கொண்டே கேட் தேர்வு எழுதி 96 பெர்சென்டைல் வாங்கியிருக்கிறான். ஆனால் அவன் ஆசைப்பட்ட ஐ.ஐ.எம்.கள் எதிலிருந்தும் நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. "மாமா, இன்னொரு வாட்டி எழுதட்டுமா, இல்ல இதோட விட்டுடட்டுமா?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எதற்கெடுத்தாலும் பழைய காகிதங்களைக் கிளறுகிற ஆள் நான். இதற்கும் அங்கேதான் பதில் தேடினேன். கிடைத்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் கையில் சிக்கியது என்னுடைய சொந்த ஹால் டிக்கெட். தேர்வு நாள் 2003 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாட்டில் இருந்த ஐ.ஐ.எம்.கள் ஆறே ஆறு: கல்கத்தா, அகமதாபாத், பெங்களூர், லக்னோ, கோழிக்கோடு, இந்தூர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினோம். பென்சிலால் வட்டங்களைக் கருப்பாக்கிவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படி எழுதியிருந்தேன், அல்லது அப்படி எழுதியதாக நினைத்தேன். கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போயிருந்ததை சி.பி.ஐ. கண்டுபிடித்தது. தேர்வு ரத்து. மறுதேர்வு 2004 பிப்ரவரி 15 அன்று.

அதே பிப்ரவரி தொடக்கத்தில் ஐ.ஐ.எம். ஆண்டுக் கட்டணத்தைச் சுமார் 1.5 லட்சத்திலிருந்து 30,000 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் உத்தரவு போட்டது. பெரிய சர்ச்சை. இடம் கிடைக்குமா என்றே தெரியாத நாங்கள் டீக்கடையில் நின்றுகொண்டு அந்தக் கட்டணத்துக்காகச் சண்டை போட்டோம். அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

பிப்ரவரியில் சுமாராகத்தான் எழுதினேன். அழைப்பு வரவில்லை. அடுத்த நவம்பரில் மறுபடி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. "அந்த நவம்பர் பேப்பர் மட்டும் நின்னிருந்தா..." என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இந்த வாக்கியத்தை ஒருநாளும் நான் சரிபார்த்ததில்லை.

மறுபடி எழுதலாமா என்று கேட்கும் முன், அந்த மதிப்பெண் எதற்காகப் பிறந்தது என்று பார்ப்போம். வணிகப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வுகளில் பழையது ஜிமேட். அமெரிக்காவில் 1953-இல் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடி ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்று முடிவு செய்தன. முதல் வருஷத்தில் எழுதியவர்கள் 2,000 பேருக்குக் கொஞ்சம் மேல். ஜிமேட் என்ற பெயர் 1976-இல்தான் வந்தது. அதன் வேலை ரொம்பச் சின்னது: வந்து சேர்கிறவர் முதலாண்டுப் பாடங்களில் எப்படிச் செய்வார் என்று ஓரளவு கணித்துச் சொல்வது. அவர் நல்ல நிர்வாகி ஆவாரா, வாழ்க்கையில் உருப்படுவாரா என்பதெல்லாம் அதன் வேலையே அல்ல. அந்தச் சுமையை அதன் தலையில் ஏற்றியவர்கள் நாம்தான்.

அந்தச் சின்ன வேலையிலும் பிசிறு உண்டு. 200 முதல் 800 வரை இருந்த பழைய ஜிமேட் மதிப்பெண்ணின் அளவைப் பிழை 30 முதல் 40 புள்ளிகள் என்று தேர்வை நடத்தியவர்களே சொன்னார்கள். அதாவது 650 வாங்கியவர், புதிதாக எதுவும் படிக்காமல் போய் எழுதினாலும் 620-உம் வரலாம், 680-உம் வரலாம். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் "அன்னிக்கு நேரம் சரியில்ல" என்கிறோம்.

பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரம்தான், ஆனால் பொதுவாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை என்பது அதன் சாரம். உச்சத்தில் இருப்பது அடுத்த முறை சராசரியை நோக்கிச் சரியும், பள்ளத்தில் இருப்பது ஏறும். தேர்வுக்கும் இது பொருந்தும். வழக்கமாக வாங்குவதைவிடக் குறைவாக வாங்கியவருக்கு மறுபடி எழுதுவதில் லாபம் இருக்கிறது. வழக்கமான அளவையே வாங்கியவர், படிக்கும் முறையை மாற்றாமல் மறுபடி எழுதினால் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பார்.

கேட் தேர்வில் இன்னொரு சிக்கல். பெர்சென்டைல் என்பது மார்க் அல்ல, வரிசையில் நாம் நிற்கும் இடம். இப்போதெல்லாம் இரண்டு லட்சத்துக்கும் மேல் எழுதுகிறார்கள். இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 96-இலிருந்து 99-க்குப் போக 6,000 பேரைத் தாண்ட வேண்டும். அவர்களில் பலரும் நம்மைப் போலவே இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுகிறவர்கள்.

விலையும் வேறு. ஜிமேட் 1997-இல் கணினிக்கு மாறியது. மறுபடி எழுதக் காத்திருக்க வேண்டிய இடைவெளி 2015-இல் 31 நாளிலிருந்து 16 நாளாகக் குறைந்தது. மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். கேட் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை, மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும். ஆகவே "மறுபடி எழுதலாமா" என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டாலும் அங்கே கேட்பது பணம், இங்கே கேட்பது ஒரு வருஷ ஆயுசு.

இன்னொன்றும் கவனித்தேன். குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு ஆறு முறை, 32 வயது என்று எல்லை இருக்கிறது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு இரண்டே முறை. கேட் தேர்வுக்கு வயது வரம்பும் கிடையாது, எத்தனை முறை என்ற வரம்பும் கிடையாது. கேட்க இது சுதந்திரம் மாதிரி இருக்கும். நடைமுறையில், எப்போது நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லை என்று அர்த்தம்.

நிறுத்தத் தெரிந்த ஒருவரின் கதை பழைய ஐ.சி.எஸ். வரலாற்றில் இருக்கிறது. 1862-இல் சத்யேந்திரநாத் தாகூரும் மன்மோகன் கோஷும் ஒன்றாக லண்டன் போனார்கள். தாகூர் 1863-இல் தேறி முதல் இந்திய ஐ.சி.எஸ். ஆனார். கோஷ் இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. இந்தியர்களுக்குச் சாதகமில்லாத மாதிரி தேர்வு விதிகளே நடுவில் மாறின. அவர் குறைப்பட நியாயம் இருந்தது. ஆனாலும் கையோடு பாரிஸ்டர் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பெரிய கிரிமினல் வக்கீல் ஆனார், காங்கிரஸின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரும் ஆனார். தோல்வி நல்லதுக்குத்தான் என்று சொல்ல வரவில்லை. அவர் இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தார், அவ்வளவுதான்.

நான் எடுக்கவில்லை. ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது இதுதான் உறைத்தது. 2004-இல் நான் "வேண்டாம்" என்று முடிவு செய்யவில்லை. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன், விண்ணப்பத் தேதி போய்விட்டது. நவம்பர் பேப்பருக்கு மதிப்பெண் என்று ஒன்று வெளியாகவே இல்லை. வெளியாகாத மதிப்பெண்ணை 99 என்று நானே போட்டுக்கொண்டு இருபது வருஷம் அதை நம்பியிருக்கிறேன்.

நேற்று அவனைக் கூப்பிட்டேன். "கடைசியா எழுதின பத்து மாக் டெஸ்ட் மார்க்கையும் எடு. சராசரி 98-க்கு மேல இருந்தா அன்னிக்குச் சறுக்கியிருக்க, இன்னொரு முறை எழுது. 96-தான்னா அதுதான் உன் இடம், படிக்கிற முறைய மாத்தாம எழுதாத. எதுவானாலும் வேலைய விடாத. இன்னும் எத்தன முறைன்னு இப்பவே ஒரு தாள்ல எழுதி அம்மாகிட்ட குடுத்துடு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மாக் சராசரி 96.5 மாமா" என்றான்.

"சரி, இப்ப யோசி" என்றேன். இந்த முறை அவன்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தான்.